பயோகேஸ் கலன் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கழிவுநீரையும் மட்கும் கழிவையும் காற்றுப் புகாத கலனில் விட்டு எரிவாயு எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அடுப்பு எரியாமல் போகும். உடனே கை அடுப்பைத்தான் தேடிப் போகும். பர்னரைக் கழற்றுவோம், குழாயை ஊதிப் பார்ப்போம். கோளாறு பெரும்பாலும் இருப்பது மறுமுனையில். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் உள்ளே எதை ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்பதில் இருக்கும். கலனுக்குள் நடப்பது மெதுவான வேலை. இன்று செய்த தவறு இன்றே தெரிவதில்லை.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வரும் வைத்தியம் எதற்கும் பொருள் இருக்காது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கழிவை உடைத்துக் கரைக்கின்றன. அடுத்த கூட்டம் அதை அமிலங்களாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சுருக்குகிறது. கடைசியாக வரும் மீத்தேன் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று எரிவாயு தருகின்றன. இதில் அமிலம் செய்பவை சில மணி நேரத்தில் இரட்டிக்கும். மீத்தேன் செய்பவற்றுக்கு இரட்டிக்கப் பல நாள் ஆகும். முன்னவை எதையும் தாங்கும், பின்னவை குளிரையும் அமிலத்தையும் மருந்தையும் தாங்காது. கலனில் வரும் நோய்களில் பாதிக்கு மேல் இந்த வேக வித்தியாசத்திலிருந்து பிறப்பவைதான்.

கையில் இருக்க வேண்டியவை: வாயு அழுத்தத்தை அளக்க யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றிய மானோமீட்டர், பி.எச். தாள் (அமிலத்தன்மையைக் காட்டும், எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது), நீளமான தெர்மாமீட்டர், சோப்புத் தண்ணீர், தினமும் ஊட்டியதை எழுதிவைக்கும் ஒரு நோட்டு. இவற்றில் எதை விட்டாலும் நோட்டை விடாதீர்கள். தீக்குச்சி இந்தப் பட்டியலில் இல்லை. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். கசிவைத் தீயை வைத்துத் தேடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வாயு உண்டாகவே இல்லையா, உண்டாகி வந்து சேரவில்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

கலனுக்குப் பக்கத்தில் இருக்கும் முதன்மை வால்வை இரவில் மூடுங்கள். மானோமீட்டர் கலன் பக்கமாக இருக்க வேண்டும். காலையில் அழுத்தம் ஏறியிருந்தாலோ, மிதக்கும் டிரம் (வாயு சேரச் சேர மேலே எழும்பும் மூடி) உயர்ந்திருந்தாலோ, கலன் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு வால்வுக்கு அந்தப் பக்கம், குழாயிலோ அடுப்பிலோ இருக்கிறது. அழுத்தம் ஏறவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: உற்பத்தி நின்றிருக்கிறது, அல்லது கலனே கசிகிறது. செரித்த கரைசல் வெளியேறும் தொட்டியைப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் நுண்ணுயிர்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அப்போது சந்தேகம் கசிவின்மேல் விழ வேண்டும்.

நிலைக் குவிமாடக் கலனில், அதாவது மேல்கூடு அசையாத வகையில், ஒரு நல்ல துப்பு உண்டு. வாயு சேரச் சேர உள்ளே கரைசல் மட்டம் கீழே இறங்கும், குவிமாடச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஏறி, சரியாக ஒரே அளவில் வந்து நின்றுவிடுகிறது என்றால் விரிசல் அந்த மட்டத்தில் இருக்கிறது. அழுத்தம் அந்த அளவை எட்டும்வரை கரைசலே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, மட்டம் இறங்கியதும் வழி திறந்துவிடுகிறது. அழுத்தம் ஆரம்பத்திலிருந்தே ஏறாவிட்டால் குவிமாடத்தின் உச்சி, வாயுக் குழாய் நுழையும் இடம், மூடியின் களிமண் பூச்சு ஆகியவற்றைப் பாருங்கள். மிதக்கும் டிரம்மில் துருவும் வெல்டிங் ஓரமும் முதல் சந்தேகம். பலூன் கலனில் வெயில் தின்ற மடிப்புகளும் எலிக் கடியும்.

## புதுக் கலன், வாயுவே வரவில்லை

பொறுமைதான் முதல் மருந்து. புதிய சாணத்தை வைத்துத் தொடங்கினால் வெப்பமான சூழலில்கூட இரண்டு மூன்று வாரம் ஆகும், குளிரில் அதற்கு மேலும் போகும். சாணமே சேர்க்காமல் சமையலறைக் கழிவை மட்டும் நிரப்பித் தொடங்கியிருந்தால் காத்திருந்து பயனில்லை. உள்ளே மீத்தேன் நுண்ணுயிர்கள் போதுமான அளவு கிடையாது, இருப்பதெல்லாம் அமிலம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் ஸ்லரியை, அதாவது உள்ளிருக்கும் கரைசலை, கலன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. அது கிடைக்காவிட்டால் புதிய மாட்டுச் சாணம். அசைபோடும் விலங்கின் வயிற்றிலேயே இந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன.

கரைக்கும் தண்ணீரில் குளோரின் நிறைய இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## வாயு வருகிறது, ஆனால் பற்றவில்லை

புதுக் கலனில் இது நோயல்ல. முதலில் சேர்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே மிச்சமிருந்த காற்றும். காற்றும் மீத்தேனும் சேர்ந்திருக்கும் இந்தக் கட்டம்தான் மிக ஆபத்தானது. முதல் ஓரிரு நிறைப்பைத் திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாமல் வெளியேற்றிவிடுங்கள். எரிகிறதா என்று கலனின் வாயிலேயே சோதிக்கக் கூடாது. நீளமான குழாயின் மறுமுனையில், குழாயில் சேரும் தண்ணீரைப் பிடிக்கும் தண்ணீர்ப் பொறியைத் தாண்டி, அடுப்பில்தான் சோதிக்க வேண்டும்.

பழைய கலனில் திடீரென்று பற்றாமல் போனால் கதை வேறு. மீத்தேன் பங்கு 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். சாதாரணமாக 50 முதல் 70 இருக்கும். வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். பெரிய சிரிஞ்சில் வாயுவை இழுத்து, அதிலேயே கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை உறிஞ்சி, வாயை அடைத்துக் குலுக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு கரைசலுக்குள் போய்விடும், பிஸ்டன் தானாக உள்ளே இறங்கும். மிஞ்சி நிற்பது கிட்டத்தட்ட மீத்தேன். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மீத்தேன் பங்கு குறைந்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள், அநேகமாக அங்கேதான் உங்கள் நோய் இருக்கிறது.

## புளித்த நாற்றம், பி.எச். இறங்குகிறது

இதுதான் பெரிய நோய். கலன் புளித்துவிட்டது என்பார்கள். வழக்கமான காரணம், ஒரே நாளில் அளவுக்கு மீறி ஊட்டியது. விருந்து முடிந்து மிஞ்சியது முழுவதையும் வீணாக்க மனமில்லாமல் உள்ளே தள்ளியிருப்பார்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சில மணி நேரத்தில் அமிலமாகிவிடும். அதைத் தின்று தீர்க்க மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு ஆள் பலம் போதாது. தேங்கும் அமிலம் அவற்றையே முடக்கும், முடங்கியதால் அமிலம் இன்னும் தேங்கும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் வாயு அதிகமாகும்! கரைசலில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும்போது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. டிரம் உயர்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊட்டுவார்கள். பைகார்பனேட் தீரும்வரை பி.எச். அசையாது, தீர்ந்ததும் சடாரென்று விழும். ஆகவே பி.எச். தாள் தருவது பிந்திய செய்தி. அதற்கு முன்னாலேயே சுடர் சோர்ந்துபோவதும், வெளியேறும் கரைசலில் புளிப்பு நெடி வருவதும் தெரிந்துவிடும்.

பெரிய கலன் நடத்துபவர்கள் இந்தத் தாளை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தாங்கு திறனுக்கும் (அமிலத்தைச் சமன் செய்யக் கரைசலுக்கு உள்ள வலு) உள்ள விகிதத்தைப் பாருங்கள், ஃபாஸ்–டாக் என்று சொல்வது இதைத்தான். வடிகட்டிய ஸ்லரி 20 மில்லி எடுத்து, 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 5.0 வரை வர எத்தனை மில்லி ஆனது என்று குறியுங்கள். அப்புறம் 5.0 இலிருந்து 4.4 வரை வர எத்தனை மில்லி. முதல் எண்ணை 250 ஆல் பெருக்கினால் காரத்தாங்கு திறன். இரண்டாவதை 1.66 ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500 ஆல் பெருக்கினால் அமிலம். இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அமிலத்தைத் தாங்குதிறனால் வகுத்து 0.3 பக்கம் வந்தால் நிம்மதி. 0.4 தாண்டினால் ஊட்டத்தைக் குறையுங்கள். 0.6 என்றால் நிறுத்துங்கள். ஒரே ஒரு அளவீட்டைவிட, வாராவாரம் அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

சரி, புளித்தேவிட்டது. என்ன செய்வது?

ஊட்டுவதை நிறுத்துங்கள். குறைப்பது போதாது, முழுக்க நிறுத்த வேண்டும். வெப்பநிலை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக, நாளுக்கு ஓரிரு முறை மட்டும் கலக்குங்கள். பி.எச். 6.5க்கு மேலே இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை, சில நாளில் தானே ஏறும். இந்த நிலையில் பொறுக்க முடியாமல் எதையாவது கொட்டித்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

6.0க்கும் 6.5க்கும் நடுவே இருந்தால் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். கலனிலுள்ள கரைசலின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 1 கிலோ கணக்கில் தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றிக் கலக்குங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அதற்கு மேல் போகாதீர்கள், சோடியமும் அளவு மீறினால் அந்த நுண்ணுயிர்களுக்கு விஷம். 6.0க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த கலனுக்குச் சோடா மட்டும் போதாது. கரைசலில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றி, அந்த இடத்தை நல்ல கலனின் ஸ்லரியாலோ புதிய சாணக் கரைசலாலோ நிரப்ப வேண்டும்.

சுண்ணாம்பு போடலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். மலிவு என்பதால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். சுண்ணாம்பு உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக அடியில் படியும். வாயு திடீரென்று சுருங்குவதால் கலனுக்குள் வெற்றிடம் உருவாகி வெளிக்காற்றை இழுக்கலாம், பலூன் கலன் அப்படியே சுருண்டுவிடும். அதோடு, எவ்வளவு போட்டால் போதும் என்று பிடிபடாது. ஒரு கட்டத்துக்குப் பின் பி.எச். எகிறிவிடும்.

மீண்டும் ஊட்டத் தொடங்கும்போது பழைய அளவில் கால் பங்கு. சுடர் நிலையாக நீல நிறத்தில் எரிந்தால் அடுத்த வாரம் அரைப் பங்கு. இப்படியே. எளிய, கலக்கும் கருவியில்லாத கலன்களில் ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 கிலோ மட்கும் உலர்பொருள் என்பதே வரம்பு. சூடும் கலக்கும் கருவியும் உள்ள கலன்கள் 3, 4 வரை தாங்கும்.

உணவுக் கழிவை மட்டுமே நம்பி ஓடும் கலன்களில் இன்னொரு விதமான புளிப்பு வரும். ஊட்டம் அளவாகத்தான் இருக்கும், பல மாதம் நன்றாக ஓடியிருக்கும், திடீரென்று புரொப்பியோனிக் அமிலம் சேர ஆரம்பிக்கும். கோபால்ட், நிக்கல், செலினியம் போன்ற நுண்சத்துகள் தீர்ந்துபோனதே காரணம். மீத்தேன் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு அவை மிகச் சிறிய அளவில் வேண்டும், உணவுக் கழிவில் போதிய அளவு இருப்பதில்லை. விலங்குச் சாணத்தைக் கொஞ்சம் தொடர்ந்து கலந்துவந்தால் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

## அம்மோனியா நெடி, பி.எச். 8ஐத் தாண்டுகிறது, வாயு குறைவு

புளிப்புக்கு நேர் எதிரான நிலை. கோழி எச்சம், இறைச்சிக் கூடக் கழிவு, மீன் கழிவு என்று புரதம் நிறைந்தவற்றை அதிகம் ஊட்டியிருப்பீர்கள். புரதம் சிதைந்தால் அம்மோனியா. மொத்த அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் தொல்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த வடிவில் இருக்கிறது என்பது முக்கியம். 35 டிகிரியில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் பத்தில் ஒரு பங்கு.

கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் விகிதம் 20 முதல் 30 வரை இருப்பது நல்லது. கோழி எச்சத்தில் 10க்கும் கீழே இருக்கும். பொடியாக நறுக்கிய வைக்கோல், காய்ந்த இலை, காகிதம் சேர்த்து இதை உயர்த்துங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். பி.எச். இறங்கட்டும் என்று அமிலம் ஊற்றாதீர்கள்.

அம்மோனியாவும் அமிலமும் ஒருசேரக் கூடியிருக்கும் கலன்களும் உண்டு. ஒன்றை ஒன்று மறைப்பதால் பி.எச். 7.5 என்று அழகாகக் காட்டும், வாயு மட்டும் பாதிதான் வரும். தாள் நலம் என்கிறது, நோட்டு நலமில்லை என்கிறது என்றால் நோட்டை நம்புங்கள்.

## நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, நாற்றமில்லை, பி.எச். சரி

வெப்பநிலையைப் பாருங்கள். 35 முதல் 40 டிகிரி வரை இந்த நுண்ணுயிர்களுக்குச் சுகம். 20க்கு வந்தால் சோம்பிவிடும், 15க்குக் கீழே வாயு ஏறக்குறைய நின்றுபோகும். குளிர்காலத்தில் குறைவது நோயல்ல. அந்தச் சமயத்தில் பழைய அளவில் ஊட்டிக்கொண்டே போவதுதான் நோயை வரவழைக்கும், ஏனென்றால் செரிக்காத மிச்சம் உள்ளே சேர்ந்து, வெயில் வந்ததும் ஒட்டுமொத்தமாகப் புளிக்கும். கலக்கும் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கி ஊற்றுங்கள். கலனைச் சுற்றி வைக்கோலோ மட்கும் குப்பையோ குவியுங்கள். சூடேற்றும் வசதி இருந்தாலும் ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாற்றக் கூடாது.

அடுத்த சந்தேகம் தண்ணீர். கழுவிய தண்ணீர் முழுவதையும் கலனுக்குள் விட்டால் ஸ்லரி நீர்த்துப்போய், தங்கும் காலம் குறையும். வெப்பமான இடத்தில் 30 முதல் 40 நாளாவது தங்க வேண்டும். மெதுவாக இரட்டிக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள், பெருகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் வெளியே அடித்துச் செல்லப்படும். கலன் கொள்ளளவை நாள் ஊட்டத்தின் அளவால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் தங்கும் காலம்.

மூன்றாவது, வண்டல். மண்ணும் மணலும் முட்டை ஓடும் அடியில் சேர்ந்து கலனைச் சிறிதாக்கிவிடும். கணக்கில் 40 நாள், நிஜத்தில் 20 நாள். நீளக் கழியை விட்டு அடி எங்கே தட்டுகிறது என்று பார்த்தால் தெரியும். மேலே மிதக்கும் பொருக்கும் இதே போலத்தான். வைக்கோல், நார், கொழுப்பு ஆகியவை ஒன்றாகி இறுகினால் வாயு மேலே வர முடியாமல் உள்ளீட்டுக் குழாய் வழியாகவோ வெளியேற்றுத் தொட்டி வழியாகவோ தப்பிப் போகும். மிதக்கும் டிரம்மை இடமும் வலமுமாகச் சுழற்றினால் பொருக்கு உடையும். மற்ற கலன்களில் உள்ளீட்டுக் குழாய் வழியாகக் கழியை விட்டுக் குத்தி உடைக்கலாம்.

அதுவும் முடியாமல் கலனைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டி வந்தால் ஒன்றே ஒன்று: உள்ளே ஆள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கையே மரத்துப்போகச் செய்யும், நாற்றமில்லை என்று நினைக்கும்போதுதான் அது மிக அதிகமாக இருக்கும். 500ஐத் தாண்டினால் சில நிமிடத்திலேயே ஆள் விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் போவது இப்படித்தான். வெளியிலிருந்து பம்பு வைத்து உறிஞ்சுங்கள், அல்லது மூச்சுக் கருவியும் வாயு அளவியும் மீட்புக் கயிறும் உள்ள பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். அப்புறம், ஸ்லரியை வெளியேற்றும்போது வாயு வால்வு மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டுக் குவிமாடம் விரிசல் விடும். திறந்து வையுங்கள்.

## வாயுக் குழாயில் நுரை வருகிறது

ஊட்டத்தை உடனே நிறுத்துங்கள். கொழுப்போ புரதமோ சோப்போ அதிகம் போயிருக்கும். அல்லது நாள்கணக்கில் ஊட்டாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் நிறைய ஊட்டியிருப்பீர்கள். கொஞ்சம் தாவர எண்ணெயை ஊற்றினால் நுரை அடங்கும். அது அறிகுறியை மட்டும்தான் அடக்கும், கொழுப்பையும் கூட்டும். நுரை குழாய்க்குள் காய்ந்தால் அடைப்பு உறுதி, அதனால் அது அடங்கியதும் குழாயைக் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

## அடுப்பில் கோளாறு

சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர். கலனிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் வாயுவில் சுமார் 40 கிராம் நீராவி இருக்கும், குழாயில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தேங்கி வழியை அடைக்கும். குழாயை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவாக, தண்ணீர்ப் பொறியை நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். தொங்கும் குழாயைத் தூக்கி நிறுத்தினாலே பாதிப் புகார் தீரும்.

சுடர் மஞ்சளாக, நீளமாக எரிந்து, பாத்திரத்தில் கரி பூசினால் காற்று போதவில்லை. பர்னரின் காற்றுத் துளையைத் திறந்துவிடுங்கள், சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். சுடர் பர்னரை விட்டு எழும்பி நின்று அணைந்தால் காற்றோ அழுத்தமோ அதிகம். பயோகேஸ் சுடர் மெதுவாகப் பரவக்கூடியது, கார்பன் டை ஆக்சைடு கலந்திருப்பதால் சட்டென்று எழும்பிவிடும்.

எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டியிருந்தால் சின்னச் சுடர் வருவதற்குக் காரணம் கலனல்ல, ஜெட், அதாவது வாயு வெளிவரும் சின்னத் துளை. பயோகேஸில் ஒரு கன அளவுக்கு உள்ள எரிதிறன் மிகக் குறைவு, அதனால் பெரிய துளை வேண்டும். ஒரு பங்கு புரோப்பேனுக்கு 24 பங்கு காற்று வேண்டியிருக்க, பயோகேஸுக்கு 6 பங்கு கூடத் தேவையில்லை. அடுப்பில் நீர்மட்ட அழுத்தம் 7, 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

## அழுகிய முட்டை நாற்றம், பித்தளை கறுக்கிறது

ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சம் எப்போதும் இருக்கும். வால்வு, மீட்டர், எஞ்சின் எல்லாவற்றையும் அரிக்கும், செம்பையும் பித்தளையையும் முதலில். துருப்பிடித்த இரும்புத் துருவலை ஒரு குழாயில் அடைத்து வாயுவை அதன் வழியாக அனுப்பினால் துரு சல்ஃபைடாக மாறிக் கறுக்கும். முழுதும் கறுத்ததும் வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் மீண்டும் துருவாகும். அப்போது நன்றாகச் சூடாகும், தீப்பிடிக்கவும் கூடும். ஈரமாக வைத்து, மெல்லிய படலமாகப் பரப்புங்கள், கலன் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

பெரிய கலன்களில் ஃபெரிக் குளோரைடு போடுவதும், வாயு அளவில் சில சதவீதம் காற்றை மேல்பகுதியில் செலுத்துவதும் உண்டு. காற்று செலுத்தும் முறை அளவுக் கருவியும் தானியங்கிக் கட்டுப்பாடும் உள்ளவர்களுக்கு மட்டும். கையால் திறந்து மூடிச் செய்கிற வேலையல்ல.

## எல்லாம் சரி, ஆனாலும் வாயு போதவில்லை

கலன் நலமாக இருக்கும், எதிர்பார்ப்புதான் பெரிதாக இருக்கும். ஒரு கிலோ புதிய மாட்டுச் சாணம் 35 முதல் 40 லிட்டர் வாயு தரும். ஒரு கிலோ சமையலறைக் கழிவு தோராயமாக 100 லிட்டர். ஒருவரின் ஒரு நாள் மலம் 20 முதல் 30 லிட்டர். வீட்டு பர்னர் ஒன்று மணிக்கு 400 லிட்டர் வரை எரிக்கும். நான்கு பேர் கழிப்பறையை மட்டும் இணைத்தால் நாளொன்றுக்குக் கால் மணி நேரச் சுடர். இதில் பழுது பார்க்க எதுவும் இல்லை, கழிவு இன்னும் சேர்க்க வேண்டும்.

நீர்த்த கழிவுநீரிலும் இதே கணக்குதான். நீக்கப்படும் ஒரு கிலோ சிஓடிக்கு (கழிவை முழுதும் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், கழிவின் செறிவைக் காட்டும் அளவு) 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது கோட்பாட்டின் உச்சம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சிஓடி உள்ள வீட்டுக் கழிவுநீரில் 70 சதவீதத்தை நீக்கினாலும் ஒரு கன மீட்டருக்கு 120 லிட்டர் மீத்தேன்தான் வரும். அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரிலேயே கரைந்து வெளியேறிவிடும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம். நெதர்லாந்தின் வாகனிங்கனில் கட்ஸே லெட்டிங்காவும் குழுவினரும் 1970களில் உருவாக்கிய மேல்நோக்கி ஓடும் சேற்றுப்படுகைக் கலன், அதாவது யுஏஎஸ்பி, முதலில் சர்க்கரை ஆலை போன்ற செறிந்த கழிவுநீருக்கே நன்றாகப் பொருந்தியது.

அந்த வகைக் கலன்களில் வெளியேறும் நீர் கலங்கலாகி, சிறு கறுப்புத் துகள்கள் மிதந்து வந்தால் சேற்றுப்படுகை அடித்துச் செல்லப்படுகிறது. மேல்நோக்கிய வேகம் மணிக்கு ஒரு மீட்டரைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள், மழைநீர் கலந்தால் இது நடக்கும். கழிவுநீரில் சல்ஃபேட் அதிகமிருந்தால் மீத்தேன் குறையும், முட்டை நாற்றம் கூடும். ஒரு கிராம் சல்ஃபேட்டைக் குறைக்கும் நுண்ணுயிர்கள் 0.67 கிராம் சிஓடியைத் தின்றுவிடும், அவ்வளவும் உங்கள் வாயுவிலிருந்து போவதுதான்.

## எஞ்சினில் வெள்ளைப் படிவம், பம்பில் கல்

இரண்டும் வெவ்வேறு. கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வரும் வாயுவில் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மம் இருக்கும், ஷாம்பு, அழகுப் பொருள்கள் வழியாக வருவது. எரியும்போது அது சிலிக்காவாகி பிஸ்டனிலும் வால்விலும் வெள்ளையாகப் படியும், மணல் போலத் தேய்க்கும். வாயுவைக் குளிரவைத்து ஈரம் நீக்கிய பிறகு கிளர்வூட்டிய கரி வழியாக அனுப்ப வேண்டும். ஈரமான வாயுவை அனுப்பினால் கரி சீக்கிரம் செத்துவிடும். எஞ்சின் எண்ணெயைக் கால இடைவெளியில் ஆய்வுக்கு அனுப்புங்கள், சிலிக்கான் அளவு ஏறுவது சத்தம் வருவதற்கு முன்பே தெரியும்.

பம்பிலும் குழாய் வளைவிலும் கெட்டியாகப் படிவது ஸ்ட்ரூவைட், அதாவது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். கரைசல் கொந்தளிக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து பி.எச். ஏறுவதால் அங்கேயே படிகிறது. நீர்த்த அமிலத்தைச் சுற்றவிட்டால் கரையும், சுத்தியல் தேவையில்லை. அமிலம் பட்டதும் வாயு கிளம்பும், சல்ஃபைடு மிச்சம் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அந்தப் பகுதியை முதலில் நன்றாகத் தண்ணீரால் அலசி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அடிக்கடி அடைக்கும் வளைவை அகன்ற வளைவாக மாற்றுவதும், இரும்பு உப்பை முன்கூட்டியே சேர்த்துப் பாஸ்பேட்டைப் பிடித்துவிடுவதும் நிரந்தர வழிகள். அப்படிக் கரைந்து வந்த கல்லில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் இருப்பதால், அமிலத்தைச் சமன் செய்தபின் அதை எருக்குழியில் சேர்க்கலாம்.